லெயோன் ராசாவின் மேசை

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: மணப்பெண் ஆரணி, மாப்பிள்ளை நிரோசன், பெண்ணின் தகப்பன் சிவகுரு அங்கிள், அவருடைய கூடப்பிறந்த தங்கச்சியும் மாப்பிள்ளையின் தாயுமான பவளம் அன்ரி, ஆரணி வேலை செய்யும் கந்தோரில் இருந்து வந்த, தமிழ் தெரியாத எட்டுப் பேர், இருநூற்றுச் சொச்சம் சொந்தக்காரர், கையில் மைக்கோடு நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் வேறொரு கலியாணத்துக்குப் போயிருந்தார். மற்றவர் பாப்பரசர். முதலாளி நின்றிருந்தால் இந்தக் கதை நடந்திராது. பாப்பரசருக்கு இதில் என்ன அலுவல் என்பது போகப் போக விளங்கும்.

எங்கள் நிறுவனத்தில் புதிதாக மைக் பிடிக்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார் முதலாளி. மூத்தவர்கள் அனுபவம் சொல்வது வழக்கம்தானே. நான் மேடையில் இருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். வயது முப்பத்திரண்டு. இப்போது பின்னறையில் இருந்து மண்டபங்களுக்கு போன் எடுக்கிறேன். ஏன் இவ்வளவு கெதியில் ஓய்வு என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகக் கண்டவன் நான்தான். அப்பா பார்க்டேலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா தொழிற்சாலையில் பெட்டி கட்டினா. நான் டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போனேன். போய் எடுத்த பாடம் மத்தியகால ஐரோப்பிய வரலாறு. கடைசி வருட ஆய்வு, ராசாக்களின் கலியாணங்களைத் தேவாலயம் செல்லாது என்று அறிவித்த வழக்குகள் பற்றியது. அப்பாவிடம் இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரன்ர கலியாணம் குழம்பின கதையைப் படிக்கவோ நாலு வருசம்?" என்று மட்டும் கேட்டார். நான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு விளங்காது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் விவாகரத்து என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு கலியாணம் முதலில் இருந்தே கலியாணம் இல்லை என்று தேவாலயம் தீர்ப்புச் சொல்லலாம். அதற்கு மிக வசதியான காரணம் இரத்த உறவு. ஏழு தலைமுறைக்குள் சொந்தமென்றால் கட்டக்கூடாது என்றிருந்தது, பிறகு அதை நாலாகக் குறைத்தார்கள். ராச குடும்பங்களோ எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. ஆகவே கட்டும்போது ஒருவருக்கும் உறவு தெரியாது. ஆண்பிள்ளை பிறக்காவிட்டால், அல்லது பக்கத்து நாட்டில் இன்னும் நல்ல சம்பந்தம் வந்தால், திடீரென்று எல்லாருக்கும் உறவு ஞாபகம் வரும்.

பட்டத்தோடு வேலை தேடினேன். மத்தியகால ராசா ஒருவரும் ஆள் எடுக்கவில்லை. இரண்டு மொழியும் சரளமாக வரும் என்பதால் கலியாண வீடுகளில் மைக் பிடிக்க வந்தேன். நாலு வருடமாகக் கைதட்டச் சொன்னேன், கேக் வெட்டச் சொன்னேன், சாப்பாட்டுக்கு எந்த மேசை முதல் எழும்பவேண்டும் என்று சொன்னேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, உன்ர படிப்புக்குக் கடைசியாக ஒரு வேலை வந்திருக்கு என்றார். ஆரணி என்ற பிள்ளை வரவேற்பு விழாவை ஐரோப்பிய ராச மாளிகை மாதிரி வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். சிம்மாசனம், வெல்வெட் திரை, வாள். நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. சந்தோசத்தில்.

மேசை விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் இந்தக் கோடையிலேயே தெரிந்துகொள்வீர்கள். எங்கள் சனத்துக்கு மேசை இலக்கம் என்றால் சாதாரண விசயம் இல்லை. மூன்றாம் மேசையில் இருத்தப்படவேண்டியவரைப் பதினெட்டாம் மேசையில் இருத்தினால் அவர் பத்து வருடத்துக்கு அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டார். இதைத் தீர்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. இலக்கமே வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ராசா ராணியின் பெயர் வைப்போம். மேசை நடுவில் ஒரு அட்டை, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், அந்தச் சோடியின் கதை நாலு வரியில். எந்த ராசா பெரியவர் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே சண்டை இல்லை. முதலாளிக்கு போன் எடுத்தேன். அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ராசா ராணி எண்டால் வடிவாத்தான் இருக்கும், சந்தோசமான விசயத்தை மட்டும் எழுது என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு மேசை. எனக்குத் தெரிந்த ராசா ராணிகள் எல்லாரும் என் ஆய்வில் வந்தவர்கள். என் ஆய்வில் வந்த ஒருவருடைய கலியாணமும் நிலைக்கவில்லை. இதில் உள்ள பிழை உங்களுக்கு இப்பவே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. இடம் நிரப்ப நாலைந்து ஒழுங்கான சோடிகளைத் தேடிப் போட்டேன், மிச்சம் எல்லாம் குழம்பின கலியாணம். அதை மறைத்து எழுதலாமா என்று யோசித்தேன். வரலாறு படித்தவன் பாதிக் கதை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். முதல் மூன்று வரியில் கலியாணம், நாலாவது வரியில் சின்ன எழுத்தில் முறிவு. முதலாளி சொன்னதையும் கேட்டதாக இருக்கும், உண்மையையும் சொன்னதாக இருக்கும். அப்படியொரு புத்திசாலி நான்.

விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் ஆரணி என்னோடு தனியாகக் கதைத்தாள். எல்லாம் உங்கட விருப்பம் அண்ணா, ஒரேயொரு விசயம் மட்டும் என்றாள். அவளும் நிரோசனும் சொந்த மச்சான் மச்சாள். நான் முதல் பந்தியில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: அவனுடைய தாய் இவளுடைய தகப்பனுக்குத் தங்கச்சி. எங்கள் ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் கந்தோரில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் யாரோ சொந்தத்துக்குள் கட்டுகிற ஆக்களைப் பற்றிப் பகிடி விட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல், சிநேகிதி ஒருத்தியின் கலியாணத்தில்தான் நிரோசனைச் சந்தித்ததாகச் சொல்லிவைத்துவிட்டாள். நாலு வருடம் அந்தக் கதையோடேயே இருந்திருக்கிறாள்.

"இங்கிலிஷ்ல அதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, ப்ளீஸ். தமிழ்ல என்னவும் சொல்லுங்கோ."

என் வாயால் வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சொன்னபடி என் மேடைப் பேச்சில் ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்து உறவுப் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இருந்து எடுத்தேன். அதே எழுத்து மேசையில், அதே பின்னேரம், அட்டைகளையும் எழுதி முடித்தேன். கந்தோர்க்காரருக்கு மேடைக்குக் கிட்ட ஒரு நல்ல மேசை. அந்த மேசைக்கு லெயோன் நாட்டு ராசா அல்ஃபோன்சோ, ராணி தெரேசா. தெரேசா போர்த்துக்கல் ராசாவின் மகள். அந்தப் போர்த்துக்கல் ராசா அல்ஃபோன்சோவின் தாய்க்குச் சொந்தச் சகோதரன். மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு பாப்பரசர் அந்தக் கலியாணம் செல்லாது என்றார். ராசா கேட்கவில்லை. பாப்பரசர் அந்த நாட்டிலேயே பூசை நடத்தக்கூடாது என்று தடை போட்டுப் பிரித்துவைத்தார். பெண் ஊருக்குத் திரும்பிக் கன்னியர் மடத்துக்குப் போனாள். காரணம்: அவள் அவனுடைய தாய்மாமன் மகள்.

இதை எழுதிய கைதான் பத்து நிமிடத்துக்கு முன்னால் மேடைப் பேச்சில் "மச்சான்" என்பதை வெட்டியது. என் தலைக்குள் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் நான் படித்தது, மற்றதில் எங்கள் சனம். இரண்டுக்கும் இடையில் கதவு வைக்க ஒருவரும் நினைக்கவில்லை.

விழா நாள். முதல் அரை மணித்தியாலம் நான் கெட்டிக்காரன். ஒருவரும் இலக்கம் கேட்டுச் சண்டை பிடிக்கவில்லை. பிறகு சனம் இருந்து, மட்டன் ரோல் வரும்வரை செய்ய ஒன்றுமில்லாமல், அட்டையை வாசிக்கத் தொடங்கியது. புதிதாகக் கலியாணம் கட்டின ஒரு சோடியை நான் பிரான்ஸ் ராசா பிலிப்பின் மேசையில் இருத்தியிருந்தேன். டென்மார்க்கில் இருந்து வந்த ராணியை அவர் கட்டின அடுத்த நாளே வேண்டாம் என்றவர். செத்துப்போன முதல் மனைவிக்கு இவள் சொந்தம், அதுவும் தடைதான் என்று ஒரு வம்சக் கணக்கையும் சோடித்துக் கொண்டுவந்தார். அந்த ராணி விடவில்லை, இருபது வருடம் போராடினாள். புதுப்பெண் அட்டையை வாசித்துவிட்டுப் புருசனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம். ஒரு பெரியவர் வந்து, எங்களை மட்டும் ஏன் குழம்பின ராசாவின்ர மேசையில இருத்தினீர் என்று கேட்டார். நான் அவரைச் சமாதானப்படுத்த, எல்லா மேசையும் அப்படித்தான் ஐயா என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

அப்போதுதான் சிவகுரு அங்கிள் கந்தோர்க்காரரை உபசரிக்கப் போய், அவர்கள் மேசை அட்டையைக் கையில் எடுத்தார். கூரை போடுகிற தொழிலில் நிறையச் சம்பாதித்த மனிதர். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி மகளைக் கட்டிக்கொடுக்கிறோம் என்ற பெருமையில் அன்று முழுக்க நிலத்தில் கால் படாமல் நடந்தார். அட்டையை இரண்டு தரம் வாசித்தார். நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, உது உண்மையோ?"

"ஓம் அங்கிள்."

"மாமன்ர மகளைக் கட்டினதுக்கோ பிரிச்சவங்கள்?"

"ஓம் அங்கிள்."

"எனக்கு இப்ப மைக் வேணும்."

உங்களுக்குச் சொல்கிறேன், செலவு செய்கிற தகப்பன் மைக் கேட்டால் கொடுக்காமல் விட ஒரு வழியும் இல்லை. கேக்கை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னேன். டிஜேக்குக் கண் காட்டினேன், அவன் பாட்டுப் போட்டான். அங்கிள் கையை உயர்த்தினார், பாட்டு நின்றது. மேடையில் ஏறினார். நான் பக்கத்தில் நின்று, அதே மைக்கை மாறி மாறி வாங்கி இங்கிலிசில் சொல்லவேண்டுமாம், பிள்ளையின்ர கந்தோர் ஆக்களுக்கு விளங்கட்டுமாம்.

ஆரணி சிம்மாசனத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு அட்டை பற்றி இன்னும் தெரியாது. தகப்பனைத் தெரியும்.

முதல் வணக்கம், நன்றி. மொழிபெயர்த்தேன். பிறகு லெயோன் ராசா. அது வரலாறு, பயமில்லாமல் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் விரிவாகவும் சொன்னேன், அங்கிள் பிழையாகச் சொன்ன ஆண்டைக்கூடத் திருத்தினேன். கந்தோர் மேசையில் ஒரு பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அங்கிள் சொன்னார்: அந்தப் பிள்ளை அவனுக்கு மாமன் மகள். என்ர மகளும் என்ர மருமகனுக்கு மாமன் மகள்தான். என்ர கூடப்பிறந்த தங்கச்சியின்ர வயித்தில பிறந்த பிள்ளைக்கு, என்ர பிள்ளையை நான் குடுக்கிறன். எந்த ராசா வந்தாலும் இதைப் பிரிக்கேலாது.

மண்டபம் கைதட்டியது. எட்டுப் பேர் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது: இரண்டு குடும்பங்களும் நீண்ட காலமாக அறிமுகமானவை.

இரண்டு மொழியும் தெரிந்த இளசுகள் இருந்த பின்வரிசை மேசைகளில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. அங்கிள் திரும்பினார்.

"தம்பி, நான் சொன்னது நீளம். நீர் சொன்னது கட்டையாயெல்லோ கிடக்கு."

சரி என்று இன்னொருக்கால் முயன்றேன். இரண்டு குடும்பங்களும் மிக மிக நெருக்கமானவை என்றேன். இந்தமுறை சிரிப்பு பாதி மண்டபத்தில் இருந்து வந்தது. பவளம் அன்ரி முதல் மேசையில் இருந்து, என்ர பேரைச் சொல்லேல்லைத் தம்பி என்றா.

அந்த இடத்தில் என் மூளை இரண்டு வழியைத்தான் காட்டியது. அங்கிள் சொன்னதை அப்படியே சொன்னால் ஆரணிக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டால் அவளுடைய தகப்பனை இருநூறு பேருக்கு முன்னால் பொய்யாக மொழிபெயர்த்தவன் ஆவேன். எது சரி என்று நான் மும்முரமாக யோசித்துக்கொண்டிருக்க, ஆரணி எழும்பி வந்து கையை நீட்டினாள்.

முதலாளி எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி உங்களுக்கும் சொல்லியிருப்பார்: பேச்சு நடக்கும்போது மைக்கை இன்னொருவர் கையில் கொடுக்காதே, திரும்பி வராது. நான் கொடுத்தேன். துணிச்சல் என்று நினைக்காதேங்கோ. கை வேர்த்து மைக் வழுக்கிக்கொண்டிருந்தது, யாராவது வாங்கினால் போதும் என்றிருந்தது.

அவள் ஆங்கிலத்தில், கந்தோர் மேசையை மட்டும் பார்த்துச் சொன்னாள். நிரோசன் என்ர கசின். அப்பாவின்ர தங்கச்சியின்ர மகன். சிநேகிதியின்ர கலியாணத்திலதான் முதல் சந்திச்சனான் எண்டு உங்களுக்குச் சொன்னது பொய். நாங்கள் முதல் சந்திச்சது நான் பிறந்த அண்டைக்கு. ஆஸ்பத்திரியில என்னைப் பாத்திட்டு இவர் தனக்கு வேண்டாம் எண்டு அழுதவராம்.

மண்டபம் சிரித்தது. எட்டுப் பேர் உடனே சிரிக்கவில்லை. பிறகு, அட்டையைத் திருப்பிப் பார்த்த அந்தப் பெண், ஆரணியின் மேலாளர் என்று பிறகு அறிந்தேன், அட்டையை உயர்த்திப் பிடித்து, அப்ப பாப்பரசர் என்ன சொல்லுறார் என்று கேட்டாள்.

"அவருக்கு நாங்கள் கலியாணக் கார்ட் குடுக்கேல்லை," என்றாள் ஆரணி.

அதற்கு எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் எட்டாவது ஆள் அன்று முழுக்க ஒரு மாதிரித்தான் இருந்தார்.

நான் கவனித்தது வேறு. சிவகுரு அங்கிளுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, நன்றாக விளங்கும். மைக்குக்கு எட்டாமல் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"நாலு வருசமாச் சொல்லேல்லையோ பிள்ளை?"

"சிரிப்பினம் எண்டு நினைச்சன் அப்பா."

அவ்வளவு நேரமும் நிலத்தில் படாத கால் அப்போதுதான் நிலத்தில் பட்டது. நான் மெதுவாகப் பின்வாங்கிச் சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்க இடமிருக்கா என்று பார்த்தேன். பிறகு அவர் மகளின் கையில் இருந்த மைக்கை எடுத்தார். இனி என்ன வரப்போகிறதோ என்று கண்ணை மூடினேன்.

"தம்பி, இந்த ராசா பிறகு வேற கட்டினவனோ?"

கட்டினவர் என்றேன். யாரை என்றார். கஸ்தீல் ராசாவின் மகளை. அந்த ராசா இவருக்கு என்ன முறை என்றார். தகப்பன்மார் இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்றேன். அங்கிள் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். அப்ப அந்த ராசா இவனுக்குத் தமையன் முறை. தமையன்ர மகள் பெறாமகள், சொந்த மகள் மாதிரி. பெறாமகளைக் கட்டினவனோ, வெக்கம் கெட்டவன். அதையும் பாப்பரசர் பிரித்தார் என்றேன். அங்கிள் சபையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: முதல் வழக்கில பாப்பரசர் பிரிச்சது பிழை. ரெண்டாவதில செய்தது சரி.

அதோடு விழா என் கையை விட்டுப் போனது. ஒவ்வொரு மேசையாக அட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். எங்கட ராசாவுக்கு என்ன தீர்ப்பு அண்ணை என்று கேட்டார்கள். நான் வம்சம் சொல்ல, அங்கிளும் பவளம் அன்ரியும் முறை பார்த்தார்கள். ஆரணி ஆங்கிலத்தில் கந்தோர் மேசைக்குச் சொன்னாள், என்னைவிட நன்றாக. இங்கிலாந்து ராசா ஜோனுக்கும் இசபெல்லாவுக்கும் தகப்பன்மார் ஒருவருக்கொருவர் மச்சான். அப்ப பிள்ளைகள் மச்சான் மச்சாள், முறை சரி, பிரிச்சது பிழை என்றார் அங்கிள். அன்ரி குறுக்கே புகுந்து, பிரிஞ்ச பிறகு பெட்டையின்ர சொத்தைத் திருப்பிக் குடுத்தவனோ என்று கேட்டா. இல்லை, தானே வைத்துக்கொண்டார் என்றேன். அப்ப முறை சரி, ஆள் சரியில்லை, பிரிஞ்சது நல்லது என்றா அன்ரி. மடத்துக்குப் போன தெரேசாவுக்காக ஒரு பெண் உச்சுக்கொட்ட, இன்னொருவர், போர்த்துக்கல் ஆக்களெல்லோ, யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவை, கொஞ்சம் அழட்டும் என்றார்.

பிரான்ஸ் ராசா லூயியும் எலெனோரும் கடைசி. பதினைந்து வருடம் வாழ்ந்து, இரண்டு பெண்பிள்ளைகள் பெற்ற பிறகு, நாலைந்து தலைமுறைக்கு முந்தின ஒரு பூட்டனைத் தேடிப் பிடித்துப் பிரிந்தவர்கள். பிரிந்த இரண்டு மாதத்துக்குள் எலெனோர் வேறொருவரைக் கட்டினா, அவர் இன்னும் கிட்டின சொந்தம், அதை ஒருவரும் கேட்கவில்லை. இதை மட்டும் அங்கிள் கணக்குப் பார்க்கவில்லை. சொந்தம் இல்லை, ஆண்பிள்ளை இல்லாததுதான் வியாதி என்றார் சுருக்கமாக. நான் என் ஆய்வில் நாற்பது பக்கம் எழுதின முடிவு அது. மண்டப மேலாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கேக் இன்னும் வெட்டவில்லை.

அடுத்த கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று போனேன். சிவகுரு அங்கிள் போன் எடுத்து எங்களைப் புகழ்ந்திருக்கிறார். அதனால் முதலாளி ஏசவில்லை, மைக்கை மட்டும் மெதுவாக வாங்கிக்கொண்டு, உனக்குப் பின்னறையில் கதிரை ஒன்று இருக்கு என்றார். ஆரணியிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபம் இருந்தது, ஒளிக்கவில்லை. அட்டையில எழுதினது உங்கட பிழை அண்ணா, அதுக்குக் கொஞ்ச நாள் கோபமாத்தான் இருப்பன் என்றாள். பிறகு, திங்கட்கிழமை கந்தோருக்குப் போனபோது நிரோசனைப் பற்றிக் கதைக்க முதல் தடவையாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்றாள். அந்த எட்டாவது ஆள் இன்னும் அவளோடு சாப்பிட வருவதில்லையாம். வராட்டில் போகட்டும் என்றாள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மைக் கையில் இருக்கிறபோது எல்லாம் நாங்கள்தான் தீர்க்கவேண்டும் என்று தோன்றும். உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று நான் மண்டையை உடைத்த விசயம் என்னுடையதே இல்லை. உடையவள் இரண்டு அடி தள்ளி இருந்தாள். பக்கத்தில் இருக்கிறவரைத் திரும்பிப் பாருங்கள், கை நீட்டினால் கொடுத்துவிடுங்கள். முதலாளியின் விதிக்கு இது எதிர்தான், அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

மண்டபம் மேலதிக நேரத்துக்குப் பில் அனுப்பியது. பாதியை நாங்கள் தருகிறோம் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார், சிவகுரு அங்கிள் சம்மதிக்கவில்லை, தீர்ப்புச் சொன்னது நான்தானே என்றிருக்கிறார். எலெனோரை விட்டதால் லூயிக்குக் கைவிட்டுப் போனது, அவள் சீதனமாகக் கொண்டுவந்த அக்கித்தேன் நாடு முழுவதும். ஆரணியைச் சொந்தத்துக்குள்ளேயே வைத்திருக்க அங்கிளுக்குக் கைவிட்டுப் போனது நானூற்றைம்பது டொலர், வரியோடு ஐந்நூற்றெட்டு டொலர் ஐம்பது சதம்.